துண்டு போட்ட சீட்

மந்தாரக்குப்பத்தில் கடலூர் பஸ் ஏறினால் ஒருவரை நீங்கள் பார்க்கலாம். பாதி பஸ் காலியாகக் கிடக்கும். அவர் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவார். மூலமா, முதுகுவலியா என்று கண்டக்டர்கள் கிண்டல் செய்து அலுத்துவிட்டார்கள். அவர் பெயர் ஃபெலிக்ஸ். வண்டிகளுக்கு சீட் மாட்டுவதுதான் அவர் தொழில். ஊருக்கெல்லாம் சீட் போட்டுக் கொடுக்கிற மனிதர் ஏன் உட்காருவதில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன். இதில் ஒரு வரிகூட ஜோடித்ததில்லை. பேய்க்கு ராத்திரிதான் டூட்டி என்று நினைப்பவர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குங்கள். இது நடந்தது பட்டப்பகலில்.

போன சித்திரை மாதம். டிராவல்ஸ் நடத்தும் ராஜாங்கம் பழைய பெரிய வேன் ஒன்றை வாங்கி, நீலப் பெயின்ட் அடித்து, ஃபெலிக்ஸின் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். காடாம்புலியூரிலிருந்து நிலக்கரி மைன்ஸுக்கு கான்ட்ராக்ட் ஆட்களை ஏற்றிப்போக வேண்டிய வண்டி. உள்ளே பழைய நீள சீட்டுகள்தான் இருந்தன.

"இனிமே நீள சீட்டு ஆவாதுன்ட்டாங்க. ஆளுக்கு ஒரு சீட்டு, ஆளுக்கு ஒரு பெல்ட்டு. திங்கக்கெழம காலைல ஷிப்டுக்கு வண்டி ஓடணும்ங்க" என்றார் ராஜாங்கம்.

ஃபெலிக்ஸுக்கும் அந்தத் திங்கட்கிழமை முக்கியமாக இருந்தது. அவருடைய மனைவி மெர்லினின் அண்ணன் பவுல்ராஜ் அந்த வேனில்தான் மறுபடி வேலைக்குப் போகப்போகிறார். ஒரு வருஷமாக மனிதர் வீட்டோடு கிடந்தார். கூட வேலை பார்த்த சிநேகிதன் செங்குட்டுவன் ஷிப்ட் வேனிலேயே இறந்துபோனதிலிருந்து எந்த வேனிலும் ஏற மாட்டேன் என்றுவிட்டார். தூக்கமும் போய்விட்டது. எப்படி இறந்தார் என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். மெர்லின் அழுது, கெஞ்சி, கடைசியில் எப்படியோ சம்மதிக்க வைத்திருந்தாள்.

"எங்கண்ணன் திரும்ப வண்டி ஏறப்போவுது. கெட்டியா போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சர்ச்சுக்குக் கிளம்பினாள். ஃபெலிக்ஸ் தனியாக ஷெட்டுக்கு வந்தார்.

பழைய சீட்டுகளை முந்தின நாளே கழற்றியாகிவிட்டது. தரையில் துளை போட்டு, புது சீட்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, போல்ட்டை இறக்கிக்கொண்டே வந்தார். சீட்டுகளின் மேல் கம்பெனி பிளாஸ்டிக் கவர் அப்படியே இருந்தது. உச்சி வெயில். ஷெட்டின் தகரம் அடுப்பாகக் காய்ந்தது. ரோட்டில் ஈ காக்கை இல்லை.

தண்ணீர் குடிக்க இறங்கி, திரும்பி ஏறியபோதுதான் பார்த்தார். மூன்றாவது வரிசை. ஜன்னலோர சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் ஒரு துண்டு கிடந்தது. வெள்ளைத் துண்டு, நீலக் கரை.

பஸ்ஸில் கூட்டம் என்றால் நாமெல்லாம் செய்வதுதானே? ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம். துண்டு கிடந்தால் அந்த சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். ஃபெலிக்ஸுக்குச் சிரிப்பு வந்தது.

"யாருய்யா அது, வண்டி கெளம்பறதுக்கு முன்னாடியே எடம் புடிச்சிகினது?"

வெளியே யாரும் இல்லை. ஜன்னல் கண்ணாடி எல்லாமே மூடியிருந்தது.

துண்டை எடுத்தார். ஈரமாக இருந்தது. ஷெட்டுத் தூணில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, நட் முடுக்க வேனுக்கு அடியில் மல்லாக்கப் படுத்தார். மூன்றாவது வரிசையின் போல்ட்டுகள் அவர் முகத்துக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. ஸ்பேனரை வைத்தார்.

சரக்...

பிளாஸ்டிக் கவர் நசுங்குகிற சத்தம். யாரோ உட்கார்ந்தால் வருமே, அந்தச் சத்தம்.

"ராஜாங்கம் அண்ணனா?"

ஃபெலிக்ஸின் கண் முன்னாலேயே ஜன்னலோர சீட்டின் போல்ட் ஒரு நூல் கீழே இறங்கியது. மேலே ஏதோ கனம் ஏறியிருக்கிறது. வேனும் அந்தப் பக்கமாக லேசாகச் சாய்ந்தது.

ஃபெலிக்ஸ் புரண்டு வெளியே வந்தார். முட்டியில் தோல் உரிந்தது. கதவருகே நின்று எட்டிப் பார்த்தார். யாருமில்லை. ஆனால் ஜன்னலோர சீட்டு அமுங்கியிருந்தது. பிளாஸ்டிக்கின் உள்பக்கம் ஆவி படிந்து, முத்து முத்தாக வியர்த்திருந்தது. மற்ற சீட்டுகளெல்லாம் காய்ந்து பளபளத்தன.

பக்கத்து சீட்டில் துண்டு.

திரும்பித் தூணைப் பார்த்தார். ஆணி வெறுமையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து இரண்டு மணி ஷிப்ட் சங்கு ஊதத் தொடங்கியது. கூடவே சைக்கிள் மணி. பவுல்ராஜ் சோற்றுத் தூக்கோடு வந்து இறங்கினார்.

"மாப்ள, சாப்பாடு..."

"மச்சான், உள்ள ஏறாத!"

சங்குச் சத்தத்தில் அது அவர் காதில் விழவில்லை. படியில் கால் வைத்துவிட்டார். இரண்டடி நடந்தார். நின்றார். கையிலிருந்த தூக்கு நழுவி, குழம்பு தரையெல்லாம் ஓடியது.

"செங்குட்டுவா..." என்றார் மெதுவாக.

அவர் முகத்தில் பயம் இல்லை. ஃபெலிக்ஸை உலுக்கியது அதுதான். வெகுநாள் தேடியவனைப் பார்த்துவிட்ட முகம்.

"எடம் போட்டு வச்சிகினு உக்காந்துகினு இருக்கான் மாப்ள. கூப்புடறான்."

பவுல்ராஜ் துண்டை நோக்கிக் கை நீட்டினார்.

ஃபெலிக்ஸ் யோசிக்கவில்லை. பாய்ந்து ஏறி மச்சானைத் தள்ளிவிட்டார். துண்டை இழுத்தார். அந்த சீட்டில் தானே உட்கார்ந்தார்.

"இங்க நான் உக்காந்துட்டேன்! எங்க மச்சான் வரமாட்டாரு!"

சங்கு ஊதிக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் பிளாஸ்டிக் சரசரத்தது. ஏதோ ஒன்று அவர் பக்கம் திரும்பியது.

பழுப்பு நிலக்கரி வாசம்... வியர்வை வாசம்...

க்ளிக்.

ஜன்னலோர சீட்டின் பெல்ட் தானாக மாட்டிக்கொண்டது.

பிறகு...

ஃபெலிக்ஸின் பெல்ட் நகர்ந்தது. மெதுவாக... அவர் மடிமேல்...

க்ளிக்.

தோளில் ஒரு தலை சாய்ந்தது. தூக்கத்தில் சாய்கிற மாதிரி. கனமாக... ஜில்லென்று...

சங்கு நின்றது.

தோளிலிருந்த கனம் போய்விட்டது. பவுல்ராஜ்தான் பெல்ட்டைக் கழற்றி அவரை வெளியே இழுத்துப் போட்டார். இருவரும் வெயிலிலேயே உட்கார்ந்தார்கள். ஒரு வருஷமாக அந்தச் சாவைப் பற்றி வாயைத் திறக்காத மனிதர் அப்போதுதான் பேசினார்.

"இதே வேன்தான் மாப்ள. நீலப் பெயின்ட் அடிச்சதால தெரியல. தெனமும் அவன்தான் ஜன்னலோரம் உக்காந்துகினு எனக்குத் துண்டு போட்டு வைப்பான். அன்னிக்கி ராத்திரி ஷிப்ட் முடிஞ்சி என்ன டபுள் டூட்டில நிறுத்திட்டாங்க. வண்டி நான் இல்லாமலே போயிடுச்சி. தூங்கறான்னு எல்லாரும் நெனச்சிகினாங்க. காடாம்புலியூர்ல எழுப்புனா... ஒடம்பு ஜில்லுனு கெடக்குது. வழி பூரா ரெண்டு பேரு நின்னுகினே வந்தாங்களாம். துண்டு கெடக்குதேன்னு அந்த சீட்டுல யாரும் உக்காரல."

ஃபெலிக்ஸின் கையில் துண்டு அப்படியே இருந்தது. பவுல்ராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் துண்ட எங்கையாலதான் அவன் குழியில போட்டேன் மாப்ள. அவன் நெஞ்சு மேல."

ஃபெலிக்ஸ் மடிப்பைப் பிரித்தார். உள்ளே ஈரச் செம்மண்.

அன்று சாயங்காலமே காடாம்புலியூர் போய், துண்டை செங்குட்டுவனைப் புதைத்த மேட்டிலேயே தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார்கள். ராஜாங்கத்திடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. பவுல்ராஜ் திங்கட்கிழமை வேலைக்குப் போனார். இன்றும் அதே வேனில், அதே மூன்றாவது வரிசையில்தான் போகிறார். அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. ராத்திரியில் நன்றாகத் தூங்குகிறார். மெர்லினுக்கு அந்த சந்தோஷம் போதும். நடந்ததை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து ஃபெலிக்ஸ் சாமான் வாங்கக் கடலூர் பஸ் ஏறினார். முகூர்த்த நாள். நிற்க இடமில்லை. அத்தனை நெரிசலிலும் ஒரு சீட்டு காலியாக இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை.

அதன் மேல் ஒரு துண்டு. வெள்ளைத் துண்டு, நீலக் கரை.

அதன் பக்கத்து ஜன்னலோர இடமும் காலிதான். அவர் கண்ணுக்கு.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"நீங்கதானே ஃபெலிக்ஸு? போயி உக்காருங்க. ஜன்னலோரம் இருக்கறவரு உங்களுக்குத்தான் எடம் புடிச்சி வச்சிகிறாராம்."

ஃபெலிக்ஸ் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, கடலூர் வரை நின்றுகொண்டே போனார்.