மாவ்பி நிலமும் என் வயிற்றெரிச்சலும்

என் தங்கை வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பெரிய பேட்டரி இருந்தது. யாங்கோன் நகரத்தில், அவள் இருக்கும் தின்கன்ஜூனில் தெரு முழுக்கக் கரண்ட் போனாலும் அவள் வீட்டில் மின்விசிறி சுற்றும். அதே நகரத்தில் எங்கள் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்ட்டில் நாங்கள் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது போன் செய்வாள். "மமா, அங்க மீ வந்துச்சா?" பர்மியில் அக்கா மமா, கரண்ட் மீ. அக்கறையாகத்தான் கேட்பாள். எனக்கு வயிறு எரியும்.

பேட்டரி மட்டுமா காரணம்? பள்ளியில் நான்தான் படிப்பாளி, ஆங்கிலத்தில் முதல். அவள் பத்தாவதில் கோட்டை விட்டுவிட்டு ஒரு சீனர் மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கடைக்காரர் மகனையே கட்டிக்கொண்டாள். மாமியாரிடம் திட்டு வாங்கி வாங்கியே சீன மொழியைக் கற்றுக்கொண்டாள். நான் வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கு மொழிபெயர்த்துக்கொண்டு ஏசி அறையில் இருந்த காலத்தில் அவளைக் "கடைக்காரி" என்றுதான் கூப்பிடுவேன். அவளும் சிரிப்பாள்.

பிறகு ஆட்சி ராணுவத்தின் கைக்கு மாறியது. என் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். சீனர்கள் போகவில்லை, இன்னும் அதிகமாக வந்தார்கள். அவர்களுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்காகவே இந்தியர்களும் காலூன்றி நின்றார்கள். இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவில் இருக்கும் சந்து போல ஆகிவிட்டது எங்கள் நாடு. யார் வண்டியை நிறுத்துவது என்பதில்தான் போட்டி. கடைக்காரி ஒரே வருடத்தில் சீனக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் ஆனாள். பேட்டரிகூடக் கம்பெனி கொடுத்ததுதான்.

எனக்கு ஒரு இந்தியக் கம்பெனியின் சின்ன அலுவலகத்தில் இடம் கிடைத்தது. காய்கறிக்கும் மீனுக்கும் குளிர்பதனக் கிடங்கு கட்ட வந்தவர்கள். மேலாளர் டில்லிப் பக்கத்துக்காரர், என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். யாங்கோனுக்கு வடக்கே மாவ்பியில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு நிலம் குத்தகைக்கு வருகிறது. அது கிடைக்காவிட்டால் யாங்கோன் அலுவலகத்தை மூடிவிடுவார்கள். என் வீட்டில் சம்பளம் என்று வருவது என்னுடையது ஒன்றுதான். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதே நிலத்துக்குச் சீனக் கம்பெனியும் வந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர் விவரமானவர். இரண்டு தரப்பையும் ஒரே நாளில் தன் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார். போய்ப் பார்த்தால் மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பட்டுத் தமேன் பாவாடை கட்டிக்கொண்டு என் தங்கை. அவள் முதலாளி அவள் காதருகே குனிந்து குனிந்து ஏதோ கேட்கிறார், அவள் தலையாட்டுகிறாள். என் மேலாளர் என்னிடம் தண்ணீர் பாட்டிலைத்தான் கேட்டார்.

நிலக்காரர் பெரியவர், பர்மியர். நானும் தங்கையும் அவரை ஊலே, அதாவது மாமா என்றுதான் கூப்பிட்டோம். குத்தகைக்கு விடும் நிலத்தை ஒட்டியே அவர் வீடு. பேரப்பிள்ளைகள் வேலி ஓரமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் டீக்கு எழுந்தோம். என் மேலாளர் போனோடு வெளியே போனார், சீனர்கள் வாசலில் சிகரெட் பற்ற வைத்தார்கள். பெரியவர் மூலையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

யாங்கோன் தமிழர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாலு பேர் நடுவில் ரகசியம் பேச வேண்டுமென்றால் குரலைத் தாழ்த்த மாட்டோம், தமிழுக்கு மாறிவிடுவோம். கதவைச் சாத்திவிட்டதாக ஒரு நினைப்பு. தங்கை வடைத் தட்டோடு வந்து, என் கையைப் பிடித்துப் பெரியவர் இருந்த மூலைப் பக்கமாக நகர்த்திக்கொண்டு போய்ச் சொன்னாள்.

"மமா, எங்காளு சொந்தக் காவல் போடப் போறான். துப்பாக்கியோட. கையெழுத்து ஆனப்பறம் சொல்லிக்கலாம்னு வச்சிருக்கான். துப்பாக்கி வந்து நின்னுச்சுன்னா, சண்ட போடுற எவனும் இந்த எடத்த சும்மா விட மாட்டான். புள்ளைங்க வேற வெளையாடுது. மனசு கேக்கல."

"என்கிட்ட எதுக்குச் சொல்ற?"

"சும்மா தெரிஞ்சுக்க. ஆனா நீ வாயத் தொறக்காத. என்ன?"

எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. கம்பெனி ரகசியமெல்லாம் கடைக்காரிக்குத் தெரிகிறது, நான் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கிறேன். இதில் வாயைத் திறக்காதே என்று எனக்கு உத்தரவு வேறு. என் வேலை போனாலும் நான் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டுமாம்.

எல்லோரும் திரும்ப வந்து உட்கார்ந்தோம். பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நான் ஒண்ணு கேக்கணும்" என்று பர்மியில் ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"ஊலே, காவலுக்கு யாரை நிறுத்துவாங்கன்னு அவங்ககிட்டக் கேட்டீங்களா? துப்பாக்கியோட நிப்பாங்களான்னு கேளுங்க."

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு நான் கேட்டதை ஒரு சொல் விடாமல் தன் முதலாளிக்கு மொழிபெயர்த்தாள். அவர் பெரியவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். டீ வேளையில் நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை வாசலிலிருந்து அவர் பார்த்திருக்கிறார்.

நிலம் எங்களுக்குக் கிடைத்தது. மறுநாளே தங்கையை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரமே கம்பெனி ஆட்கள் வந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதைக் கேட்டபோது ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, இருந்தது.

கையெழுத்துப் போட்ட அன்று பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இழுத்து இழுத்துத் தமிழில் பேசினார்.

"நான் பொறந்தது மிங்கலா தாங்ஞுன்ட், ரயில்வே லைன் வூடு. பக்கத்து வூடு எல்லாம் தமிழ் ஆளுங்க. ஒன் தங்கச்சி சொன்னது கேட்டுச்சு. நானே கேக்கலாம்னு வாயத் தொறந்தேன். நீ ஏம்மா அவசரப்பட்டே?"

பஸ் பிடித்து நேராகத் தின்கன்ஜூனுக்குப் போனேன். தங்கை தரையில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். பேட்டரி இருந்த இடத்தில் அரிசி மூட்டை இருந்தது.

"அந்த ஊலேக்குத் தமிழ் தெரியுமாம்டி" என்றேன்.

"தெரியும் மமா. மொத தடவ நெலம் பாக்கப் போனப்பவே என்கிட்டத் தமிழ்ல பேசினாரு. அதான் ஒன்னை அவர் பக்கமா இழுத்துட்டுப் போய்ச் சொன்னேன். அவரே கேட்டிருந்தா யாருக்கும் சந்தேகம் வராது. ஒன் ஆபீசும் நிக்கும், என் வேலையும் போகாது."

"இத அப்பவே சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?"

"ஒன் மூஞ்சி காட்டிக் குடுத்துடும் மமா. அதான் வாயத் தொறக்காதன்னு மட்டும் சொன்னேன்."

அன்று மூட வேண்டிய வாயை இன்று மூடிக்கொண்டேன். அவள் என் வியர்த்த நெற்றியைப் பார்த்துவிட்டு அட்டையை என் பக்கம் திருப்பி விசிற ஆரம்பித்தாள்.

"ஒன் வேல நின்னுச்சுல்ல, விடு" என்றாள்.

அந்த நேரத்திலும் எனக்கு வந்தது பொறாமைதான். ஒரே வயிற்றில் பிறந்தும் இந்த மனசு அவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று. அட்டையைக் கொடு, நான் விசிறுகிறேன் என்று கேட்டேன். அவள் கொடுக்கவில்லை.