மேலக்காவும் கப்பல்காரியும்

வேலைக்கு ஏறுமுன் இரண்டு மணி நேரம் அவர் தண்ணீர் குடிப்பதில்லை. துறைமுகத்துப் பாரந்தூக்கியின் உச்சியில், பன்னிரண்டு மாடி உயரத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டில் கழிப்பறை கிடையாது. ஏறினால் நான்கு மணி நேரம் இறங்க முடியாது. அதனால் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு போவார். கூண்டின் தரையும் கண்ணாடிதான். முழங்கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தபடி, கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளைத் தூக்கி லாரிகளின் முதுகில் வைக்க வேண்டும். கீழே வேலை செய்கிறவர்களுக்கு அவர் ‘மேலக்கா’. பதினொரு வருடம் குனிந்தே பார்த்துப் பழகியதால் நேரில் பேசும்போதும் நம் முகத்தை விட்டுவிட்டுச் செருப்பைத்தான் பார்ப்பார்.

எதிர்வீட்டுக்காரன் என்பதால் எனக்கு இதெல்லாம் தெரியும். “நீங்க போட்டிருக்கிற செருப்பு, உங்க அம்மா சாப்பிடுற மாத்திரை, உங்க பையனோட சைக்கிள், எல்லாம் என் கையைத் தாண்டித்தான் கடைக்கு வந்திருக்கு” என்பார். மிகையில்லை. அவர் ஒரு வாரம் படுத்துவிட்டால் பாதிக் கடைகளில் அலமாரி காலியாகிவிடும்.

அப்படிப்பட்டவருக்கு ஆகவே ஆகாத ஒரே ஆள் அவருடைய ஓரகத்தி. கொழுந்தனின் மனைவி, சரக்குக் கப்பலில் அதிகாரி. வெள்ளைச் சீருடையில் எடுத்த அவர் படம் வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் மாமியார், சின்னவள் கப்பல் ஓட்டுகிறாள், பெரியவள் துறைமுகத்தில் வேலை பார்க்கிறாள் என்று அறிமுகம் செய்வார். “வேலை பாக்குறாளாம். பெருக்குறாளா துடைக்கிறாளான்னு கேக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று மேலக்கா மாடிப்படியில் என்னிடம் பொருமியிருக்கிறார். அவள் கப்பல் எங்கே போனால் எனக்கென்ன என்றும் சொல்வார். ஆனால் கப்பல்கள் போகும் வழியைக் காட்டும் செயலி அவர் கைப்பேசியில் உண்டு. அதில் அவர் குறித்துவைத்திருப்பது ஒரே ஒரு கப்பலைத்தான்.

போன மாதம் அந்தக் கப்பல் இந்தத் துறைமுகத்துக்கே வந்தது. அன்றைக்கென்று கடல்வணிக நாள் விழா வேறு. வாசலில் மேடை, நாற்காலிகள், ஒலிபெருக்கி. கப்பல் தொழிலின் பெருமையைப் பற்றி நான்கு மணிக்குப் பேச இளையவரை அழைத்திருந்தார்கள். மேலக்காவை யாரும் அழைக்கவில்லை. அந்தக் கப்பலின் சரக்கை இறக்குகிற வேலைதான் அவருக்கு வந்தது. தன் பொறுப்பிலுள்ள பெட்டிகள் இறங்கி முடிந்த பிறகுதான் இளையவர் தரையில் கால் வைக்கலாம். அன்று இரவே கப்பல் கிளம்பிவிடும்.

பிறகு நடந்ததை மேலக்காவே என்னிடம் சொன்னார். “வேணும்னேதான் மெதுவா எடுத்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?” மணிக்கு முப்பது பெட்டி எடுக்கிற கை அன்று பதினெட்டுதான் எடுத்தது. ஏன் தாமதம் என்று மேற்பார்வையாளர் கேட்டதற்குக் காற்று அதிகம் என்று சொல்லிவிட்டார். கீழே, கப்பல் தளத்தில், எறும்பளவில் ஓரகத்தியின் ஆரஞ்சு நிற வேலைச்சட்டை அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தது. அது அண்ணாந்து பார்த்தபோதெல்லாம் மனசு குளிர்ந்தது என்றார்.

மூன்றரை மணிக்கு, மேற்பார்வையாளரின் வாக்கிடாக்கியை வாங்கி இளையவர் பேசினார். “அக்கா, விழாவுக்கு வரலைன்னு சொல்லிட்டேன். அது போகட்டும். பாப்பாவப் பாத்து ஏழு மாசம் ஆச்சு. ஒரு தடவ வீட்டுக்குப் போய்ட்டு வந்துரணும். கொஞ்சம் பாத்து எடுங்கக்கா.”

இளையவரின் மகள் பாப்பாவுக்கு நான்கு வயது. அதற்குத் தலை வாரிவிடுவதும் சோறூட்டுவதும் மேலக்காதான். அத்தனை நேரமும் அந்தக் குழந்தை அவர் நினைவுக்கே வரவில்லை. அதைச் சொல்லும்போது என் செருப்பைக்கூடப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அடுத்த ஒரு மணி நேரத்தில் முப்பத்தெட்டுப் பெட்டிகள் இறங்கின. கீழே லாரிக்காரர்கள் திணறிப்போனார்கள்.

ஆறு மணிக்கு இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். செய்தித்தாள் இரவல் வாங்கப் போன நானும் அப்போது கூடத்தில் இருந்தேன். பாப்பா ஓடிவந்து, நேராக மேலக்காவின் இடுப்பில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பெற்ற தாய் கை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அம்மாவிடம் போ என்று மாமியார் எவ்வளவோ கெஞ்சியும் அசையவில்லை.

இளையவர் நீட்டிய கையை மடக்கவில்லை. “உங்களப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுக்கா” என்றார், சிரிக்க முயன்றபடி.

மேலக்காவின் முகத்தில் ஜெயித்த களை ஒன்று வந்து போனதை நான் பார்த்தேன். குழந்தையை இன்னும் ஒரு கணம் இறுக்கிக்கொண்டார். பிறகு, தன் பிடரியில் கோத்திருந்த சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓரகத்தியின் சட்டைக் காலரில் கொண்டுபோய்ப் பிடிக்க வைத்தார்.