தூள்காரர் கேட்ட பனங்கட்டி

வைரவப் பெருமானை நம்பியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் புத்தூரிலிருந்து பரமேஸ்வரி எழுதுகிறேன். இந்தக் கோயில் மலரில் எழுதுகிறவர்கள் கடைசியில் எல்லோரையும் மன்னித்துவிட்டதாகத்தான் எழுதுவார்கள். நான் மன்னிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

1992 ஆம் ஆண்டு, ஆனி மாதம். தோட்டத்தில் வெங்காயத் தறைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த என் கணவர் வாய்க்காலிலேயே விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். உடம்பெல்லாம் வேர்வை. நெஞ்சு அடிப்பது என் கைக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்து, "நீர் ஆர்?" என்று கேட்டார். இருபது வருடம் என்னோடு வாழ்ந்த மனிதர்.

அவருக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம், நீரிழிவு. அதற்கு முந்தின வருடம் மாரடைப்பும் வந்திருந்தது. வந்தது அவருக்கே தெரியாது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. சீனி வருத்தக்காரருக்கு மாரடைப்பு நோகாமலும் வந்துபோகும் என்று அங்கிருந்த இளம் டொக்டர் சொன்னார். சீனிக்கு ஒரு சின்னக் குளிசை, மாத்திரை, கொடுத்து, அதைச் சாப்பாட்டோடு மட்டும் போடச் சொன்னார். குளிசையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சீனி அளவுக்கு மேல் இறங்கிவிடும், அடிபட்ட நெஞ்சு அதைத் தாங்காது என்று எனக்கு இரண்டு தரம் விளங்கப்படுத்தினார். நானும் அப்படியே பார்த்து வந்தேன். குளிசையும் நான், சோறும் நான்.

பிறகு ஏன் விழுந்தார்? எல்லோரும் இரண்டாவது மாரடைப்பு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் திறந்தார், என் பெயரைச் சொன்னார். வைரவரே என்று கும்பிட்டேன். பின்னேரம் மறுபடியும் அதே வேர்வை, அதே படபடப்பு. குளிசையை நிறுத்திய பிறகும் விடவில்லை. மறுநாளும் அப்படியே.

டொக்டர் கட்டிலில் வந்து இருந்தார். "ஐயா, வேறை ஏதும் மருந்து குடிக்கிறியளோ? உண்மையைச் சொல்லுங்கோ."

என் கணவர் கூரையைப் பார்த்தார். "ஒரு மூலிகைத் தூள்..." என்றார்.

அச்சுவேலிச் சந்தையில் தூள் விற்கிற ஒரு மனிதர். என் கணவரோடு ஒன்றாகப் படித்தவர். அவருடைய பெயரை எழுதவில்லை, காரணம் கடைசியில் சொல்கிறேன். குளிசையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், பத்தியமும் வேண்டாம் என்று சொல்லி விற்பார். போர்த் தடையால் மருந்துகளை ஊருக்குள் வர விடாத காலம் அது. சனம் எதைக் கண்டாலும் வாங்கியது. என் கணவர் எனக்குத் தெரியாமல் வாங்கி, மாட்டுக் கொட்டிலில் ஒரு தகரப் பேணியில் வைத்து விடியற்காலையில் விழுங்கியிருக்கிறார். அதற்கு மேல் என் கையால் ஆஸ்பத்திரிக் குளிசையையும் விழுங்கியிருக்கிறார்.

டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். "அம்மா, மூலிகை இப்பிடி விழுத்தாது. ஆரோ சீனிக் குளிசையை அரைச்சுக் கலந்திருக்கினம். எந்தக் குளிசை எண்டு எனக்குத் தெரிய வேணும். ஒரு வகை கெதியிலை உடம்பை விட்டுப் போயிடும். இன்னொரு வகை நாட்கணக்கா நிண்டு சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். தெரியாமல் குளுக்கோஸ் சேலைனைக் கனக்க ஏத்தினால் அவரின்ரை நெஞ்சு தாங்காது, சுவாசப்பையிலை தண்ணி கட்டும். குறைச்சால் சீனி விழும். இரத்தம் சோதிக்கிற மருந்தும் இஞ்சை முடியப்போகுது. அந்த ஆளைக் கேட்டுக்கொண்டு வாங்கோ."

நேரே சந்தைக்குப் போனேன். தூள்காரர் சைக்கிளில் சாய்ந்து நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கை கூப்பித்தான் கேட்டேன். அதை இன்றைக்கும் நினைத்தால் பற்றி எரிகிறது. கை கூப்பி, "அண்ணை, அவரைக் காப்பாத்த வேணும், என்னத்தைக் கலந்தனீங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று உரத்துச் சொன்னார். "உன்ரை மனிசன்ரை நெஞ்சு பழுது, தங்கச்சி. அதுக்கு என்ரை தூளைக் குறை சொல்லாதை. வைரவராணை, மூலிகையைத் தவிர இதிலை ஒண்டும் இல்லை."

வைரவராணை. அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது அவர்.

வரும் வழியில் கோயிலுக்குள் போய்ச் சூலத்தின் முன்னால் விழுந்தேன். நல்ல பிள்ளையாகக் கும்பிடவில்லை. மண்ணை அள்ளி வைத்துக்கொண்டு கேட்டேன். "என்ரை மனிசன்ரை நெஞ்சு எப்பிடி அடிச்சுதோ, அப்பிடி அவன்ரை நெஞ்சும் அடிக்க வேணும். அவன்ரை வாயாலையே அந்தக் குளிசையின்ரை பேர் வர வேணும். உனக்கு வடைமாலை சாத்துறன்." எழும்பும்போது என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வைரவர்தான் சொன்னார் என்று நான் நம்புகிறேன்.

எங்கள் கோயிலில் சத்தியம் என்றால் விளையாட்டில்லை. விடியத் தலைமுழுகி, பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல், ஈர வேட்டியோடு வந்து சூலத்தின் முன் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைக்க வேண்டும். மத்தியானப் பூசை முடியும்வரை வாசலைத் தாண்டக் கூடாது. ஊருக்குள் போய், அவர் வைரவர் மேல் ஆணையிட்டதைச் சொல்லி, கோயிலுக்கு வந்து சத்தியம் செய்யட்டும் என்று நாலு பேரிடம் சொன்னேன். நாலு பேர் நாற்பது பேருக்குச் சொன்னார்கள். வராவிட்டால் தூள் விற்க முடியாது என்று அவருக்கு விளங்கியது. அடுத்த நாளே வந்தார்.

கற்பூரத்தை அடித்து அணைத்தார். கூட்டம் தலையாட்டியது. அப்போதுதான் நான் என் கணவரின் பேணியைத் திறந்தேன்.

"மூலிகை தானே அண்ணை? சத்தியத்தோடை இதையும் விழுங்குங்கோ."

அவருடைய முகம் மாறியது. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். தான் கொண்டுவந்த பேணியை நீட்டினார். "அது வேண்டாம், இவர் உங்களிட்டை வாங்கினதுதான் வேணும்" என்றேன். வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கரண்டியில் குவித்துக் கொடுத்தேன். விழுங்கினார். இன்னும் ஒன்று கொடுத்தேன். அதையும் விழுங்கினார்.

பிறகு நான் மடியில் பனங்கட்டியை முடிந்துகொண்டு அவருக்கு எதிரே குந்தியிருந்தேன். பூசாரியார் அபிஷேகத்தைத் தொடங்கினார். அவசரப்படவில்லை, நல்ல மனிதர்.

வெயில் ஏறியது. தூள்காரர் கொட்டாவி விட்டார். பிறகு வேட்டி காய்ந்த பிறகும் நெற்றி நனைந்தது. விரல் நடுங்கியது. நெஞ்சைத் தடவிக்கொண்டார். "வைரவர் பிடிச்சிட்டார்!" என்று ஒரு பெண் கத்தினாள். கோயில் நாய் எழும்பி வந்து அவரை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

"தங்கச்சி," என்றார். "இனிப்பா ஏதும் தா."

"மூலிகைக்கு இனிப்பு ஏன் அண்ணை?"

"நெஞ்சு அடிக்குது. ஒரு துண்டுப் பனங்கட்டி தா."

அவர் தண்ணீர் கேட்கவில்லை, திருநீறு கேட்கவில்லை, இனிப்புக் கேட்டார். சீனியை இறக்குகிற குளிசையைக் கலந்தவனுக்குத்தான் அதற்கு எது மருந்து என்று தெரியும்.

"என்ன குளிசை?"

"குளிசை இல்லை."

"அப்ப பனங்கட்டியும் இல்லை."

பூசாரியார் மணியை நிறுத்திவிட்டு, "பிள்ளை, குடு, கோயிலுக்குள்ளை உயிர் போகக் கூடாது" என்றார். நான் பனங்கட்டியை உள்ளங்கையில் வைத்து அவருக்குக் காட்டினேன். கொடுக்கவில்லை. என் கணவர் கட்டிலில் கிடக்கிறார், எனக்கு அந்தப் பெயர் வேண்டும்.

"குளோர்புரோபமைட்," என்றார். நாக்குக் குழறியது. "கொழும்பிலை இருந்து வந்த பழைய குளிசை. உரலிலை இடிச்சுக் கலந்தனான். தா, தங்கச்சி, தா."

நானே அவர் வாயில் வைத்தேன். ஒன்று, பிறகு இன்னொன்று. சுரந்த எச்சிலோடு அவர் அதைச் சப்பிய சத்தம் எனக்கு நாதஸ்வரம் போல இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

உடனே லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி அவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டருக்குப் பெயரைச் சொன்னேன். தலையில் கை வைத்தார். அது நாட்கணக்காக உடம்பில் நிற்கிற வகையாம். என் கணவருக்குச் சேலைனை மெல்ல மெல்ல விட்டு, இடையிடையே இனிப்புக் கொடுத்து, கால் வீக்கத்தையும் மூச்சையும் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றினார்கள். பிழைத்தார்.

எனக்கு நல்ல ஏச்சும் விழுந்தது. "அம்மா, அந்த ஆளின்ரை நெஞ்சு நிண்டிருந்தால் என்ன செய்திருப்பியள்? இனிமேல் ஒருத்தருக்கும் இப்பிடிச் செய்யாதையுங்கோ."

"ஓம் டொக்டர்," என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன், செய்யாதீர்கள். எனக்கு வைரவர் துணை நின்றார், உங்கள் வீட்டில் அது கொலையாகிவிடும்.

ஊசியே வேண்டாம் என்று விற்றவருக்கு என் கணவருக்குப் பக்கத்துக் கட்டில்தான் கிடைத்தது. கையில் ஊசி, ஊசியில் சேலைன். அதைப் பார்த்துக்கொண்டே நான் என் கணவருக்குக் கஞ்சி பருக்கினேன். அந்த நாள்கள் எனக்குத் திருவிழா. என் கணவர்தான் என் கையைப் பிடித்து, "பரமேஸ், அவன்ரை நெஞ்சை மட்டும் நிப்பாட்டிப் போடாதை" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை வடைமாலை சாத்தினேன். உழுந்து தேடி எத்தனை வீட்டுப் படலையைத் திறந்தேன் என்று வைரவருக்குத் தெரியும். இப்போது என் கணவர் எதையும் ஒளித்து விழுங்குவதில்லை. குளிசையைச் சாப்பாட்டோடு போடுகிறார், மடியில் பனங்கட்டி வைத்திருக்கிறார், விரதம் பிடிக்க ஆசை வந்தால் முதலில் டொக்டரைக் கேட்கிறார். சீனியை ஏற விட்டால் அது நெஞ்சின் நரம்புகளை அரிக்கும், அளவுக்கு மேல் இறக்கினால் நெஞ்சு தறிகெட்டு ஓடும் என்று டொக்டர் சொன்னார். இந்தக் குளிசைகள் நெடுகப் போட்டால் நெஞ்சுக்கு நல்லதோ கூடாதோ என்று பெரிய டொக்டர்மாரே இன்னும் வாதாடுகிறார்களாம். ஆனாலும் பயந்து விட்டுவிடாமல், அளந்து, சொல்லி, கேட்டுப் போட வேண்டும் என்றார்.

ஆகவே அடியார்களே, வைரவரை நம்புங்கள். அழுது கேட்க வெட்கமாக இருந்தால் கோபத்தோடு கேளுங்கள், அவர் அதையும் கேட்பார். டொக்டரிடம் எதையும் ஒளிக்காதீர்கள், வைரவரிடம் ஒளிக்கவே முடியாது.

தூள்காரர் இப்போது நம்மை அறியாத ஒரு தூர ஊரில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர் என்று அங்கே பெயராம். இந்த மலர் அந்த ஊருக்கும் போகும். பெயரைப் போட வேண்டாம் என்று ஆள் மேல் ஆள் அனுப்பினார். இந்த வருடம் போடவில்லை. அடுத்த வருடம் போடுவேனோ மாட்டேனோ, நான் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. அவருடைய நெஞ்சை நிறுத்த மாட்டேன் என்றுதான் என் கணவருக்கு வாக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு வருடமும் மலர் வருகிற நாளில் அது நன்றாக அடிக்கட்டும்.