சுவரில் கை வைத்த குழந்தை

துடியலூரில் ஒரு பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். பட்டாணிச் செடிப் பாடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு நெட்டைச் செடிகளைக் கலந்தாலும் சில சமயம் குட்டை முளைக்கும். நாலு கட்டம் போட்டு, கடைசிக் கட்டத்தில் அந்தக் குட்டையை எழுதுவேன். "அதுவரைக்கும் அது எங்கீங்க மிஸ் இருந்துச்சு?" என்று யாராவது கேட்பார்கள். "ரெண்டுக்குள்ளயும் ஒளிஞ்சிருந்துச்சு" என்பேன். வகுப்பு சிரிக்கும்.

நான் கட்டியிருப்பது தாய்மாமன் மகனை. எனக்கு அப்புச்சி, அவருக்கு அப்பாரு. என் அம்மாவைப் பெற்றவரும் மாமனாரைப் பெற்றவரும் ஒரே ஆள். எங்கள் பக்கம் இதைவிட நல்ல சம்பந்தம் கிடையாது. அன்னூருக்குப் பக்கத்தில் வீடு. சுவரை ஒட்டியே கணவருடைய விசைத்தறிக் கொட்டகை. பகலெல்லாம் வீடு அதிரும்.

மகள் பிறந்தாள். குக்கர் விசிலடித்தாலும் திடுக்கிட மாட்டாள். தங்கமான பிள்ளை என்றார்கள். எனக்குச் சந்தேகம் வந்தபோது கணவர் சிரித்தார். "தறி ஓடுனாத் தூங்கறா, நின்னா அழுவறா. காது கேக்காமயா?" அதைக் கேட்டு நானும் நிம்மதியானேன்.

தவழத் தொடங்கியதும் அவள் நேராகக் கொட்டகைச் சுவருக்குத்தான் போவாள். உள்ளங்கையை அதில் ஒட்டிவைத்து அசையாமல் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் மத்தியானம் அதைப் பார்த்த மாமியார் அப்படியே நின்றுவிட்டார்.

"உங்க அப்புச்சியோட தங்கச்சி இப்பிடித்தான் கண்ணு. செவுத்துல கை வெச்சுட்டே உக்காந்திருப்பாங்க. ஆராச்சும் கதவைத் தட்டுனா அதுலயே தெரிஞ்சுக்குவாங்க."

"ஏனுங்கத்தை, அவங்களுக்குக் காது கேக்காதுங்களா?"

"கெணத்துக்கு வெடி வெச்சப்போ போயிருச்சுன்னு சொல்லுவாங்க."

"அதுக்கு முன்னாடி பேசிட்டிருந்தாங்களா?"

அத்தை யோசித்தார். "அவங்க பேசி ஆரும் கேட்டதில்லை கண்ணு."

நான் பிறக்கும் முன்பே செத்துப்போன ஒருத்தி என் வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வெடிமீது பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் மறந்துபோன ஒன்று அப்புச்சியிடமிருந்து அம்மாவுக்கும் மாமனுக்கும் வந்து, அங்கிருந்து எங்கள் இருவருக்கும் வந்திருந்தால்? தறி ஓடுவது இவளுக்குச் சுவர் வழியாகவும் தொட்டில் கயிறு வழியாகவும் மட்டுமே தெரிந்திருந்தால்? எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு பயத்தை நான் அறிந்ததில்லை.

அவளை வாரியெடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எதிலும் கை கால் படாதபடி தூக்கிப் பிடித்தபடி, தறிகளை நிறுத்தச் சொல்லிக் கணவருக்குக் கையசைத்தேன். அவர் ஒன்றும் புரியாமல் ஒவ்வொன்றாக நிறுத்தினார். கடைசித் தறியும் நின்றபோது அக்கம்பக்கத்துக் காக்கைச் சத்தம்கூடக் கேட்டது. அத்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார்.

அழு சாமி, அழுதுவிடு என்று வேண்டிக்கொண்டேன். அவள் என் தாலிக்கொடியைப் பிடித்திழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.