தீர்த்தம் பட்ட செக்

இப்போதெல்லாம் எந்த நாட்டுக்குப் போனாலும் அட்டையைச் செருகினால் பணம் வந்து விழுகிறது. எழுபதுகளில், திருவொற்றியூர் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த என்னை ஒரு புது மெஷின் பழகிவர இங்கிலாந்துக்கு அனுப்பியபோது அந்த வசதி இல்லை. டிராவலர்ஸ் செக் என்று சின்னப் புத்தகம் ஒன்று கொடுப்பார்கள். வாங்கும்போது ஒவ்வொரு தாளிலும் ஒரு கையெழுத்து. அங்கே போய் காசாளர் கண்ணெதிரில் இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போனால்தான் பணம். பாரிமுனை வங்கியில் உட்கார்ந்து, என் மைப்பேனாவால் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டேன். கல்யாண ரிஜிஸ்டரில்கூட அவ்வளவு அழகாகப் போட்டதில்லை.

ராயபுரத்தில் எங்கள் தெருவில் புதுப் படகானாலும் தையல் மெஷினானாலும் மாதா கோயில் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த பிறகுதான் கை வைப்போம். செக் புத்தகத்தையும் மந்திரித்தே ஆகவேண்டும் என்று என் மனைவி நின்றாள். எனக்கு எரிச்சல்.

"காயிதத்துக்கெல்லாமா மே மந்திரிப்பாங்க?"

"நீ சும்மா இருய்யா. அந்த ஊர்ல தொலைஞ்சி போச்சின்னா உனக்கு யாரு கீறாங்க? பிச்சையா எடுப்ப?"

நான் வேலைக்குப் போயிருந்தபோது அவள் காரியத்தை முடித்துவிட்டாள். சாயங்காலம் வந்து பார்த்தால், என் பனியனில் உள்பை வைத்து, அதற்குள் புத்தகத்தைப் போட்டு, வாயையும் தைத்திருந்தாள். அங்கே போய்த்தான் பிரிக்க வேண்டுமாம். விமானத்தில் நெஞ்சை உறுத்திக்கொண்டே வந்தது.

போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை மதியம். திங்கட்கிழமைதான் பயிற்சி, அதுவரை கம்பெனி ஆள் ஒருவரும் கிடையாது. தங்கப்போன வீட்டு அம்மாள், முன்பணம் வைத்தால்தான் அறைச் சாவி என்று கறாராகச் சொல்லிவிட்டாள். சனி, ஞாயிறு வங்கி கிடையாது. மூடுவதற்குள் பணம் வாங்காவிட்டால் அந்தக் குளிரில் ரயில் நிலைய பெஞ்சுதான் எனக்கு வீடு.

வங்கிக்குப் பக்கத்தில் இருந்த கழிவறைக்குள் புகுந்து, பனியனைக் கழற்றித் தையலைப் பல்லால் கடித்தேன். வலை பின்னுகிற குடும்பத்துப் பெண் போட்ட தையல், இலேசில் விடுமா? ஒருவழியாகப் பிய்த்தெடுத்துக்கொண்டு ஓடி, காசாளர் பெண்ணின் முன்னால் புத்தகத்தைத் திறந்து வைத்தேன். என் அழகான கையெழுத்தைக் காணோம். தாள் காய்ந்து சுருங்கி, அந்த இடத்தில் நீலமாக ஏதோ பரவிக் கிடந்தது.

"இது என்ன?" என்றாள் அவள்.

"சர்ச் வாட்டர்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டாள். அவருக்கும் புரியாததால், சாமியார் எப்படி நடந்து வந்து எப்படித் தெளிப்பார் என்று கையை வீசி நடித்தே காட்டினேன். வரிசையில் நின்றவர்களுக்கு நல்ல வேடிக்கை.

"எதற்காகத் தெளித்தார்கள்?" என்று மேனேஜர் கேட்டார்.

"பணத்துக்கு ஒரு ஆபத்தும் வராமல் இருக்க."

அவர் செக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வந்துவிட்டதே" என்றார், சிரிக்காமல்.

எனக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். ராயபுரம் சாமியாரின் தாடி மட்டும் அப்போது கைக்கெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. மேனேஜர் பொறுமையாக, ஒட்டிக்கொண்டிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். போகப் போகக் கறை சிறிதாகியது. கடைசித் தாளுக்கு ஈரம் எட்டவேயில்லை. அதில் என் கையெழுத்து அப்படியே இருந்தது. அதைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுவிட்டு, இரண்டாவது கையெழுத்தைப் போடச் சொன்னார். குளிரில் விறைத்த விரலை வாயால் ஊதிச் சூடாக்கி, மாதாவே என்று போட்டேன். வெகுநேரம் உற்றுப் பார்த்தவர், "கொடுத்துவிடுங்கள்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். மற்ற தாள்களை மாற்றித் தரவும் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் விடவேயில்லை.

அங்கே இருந்த மாதங்கள் முழுக்கச் சாமியாரைத் திட்டினேன். குளிர் அடித்தால் திட்டு, சப்பென்ற உருளைக்கிழங்கைப் பார்த்தால் திட்டு. ஊருக்குத் திரும்பி, வஞ்சிரக் குழம்பில் கை வைத்ததும் ஆரம்பித்துவிட்டேன்.

"உங்க சாமியாருக்கு அறிவு கீதா மே? ரெண்டு சொட்டு தெளிக்கச் சொன்னா வாளியோட ஊத்திக்கீறாரு! நடுத்தெருவுல நிக்க வேண்டியவன் நானு!"

கரண்டியோடு நின்ற மனைவி, நடந்ததையெல்லாம் கேட்டாள். முகம் சுருங்கிப்போனது.

"அவர ஏன்யா திட்ற? அவரு ரெண்டு சொட்டுதான் தெளிச்சாரு."

"அப்புறம்?"

"அம்மாந்தூரம் போற ஆளுக்கு ரெண்டு சொட்டு எப்படிய்யா பத்தும்? வூட்ல இருந்த பாட்டில் தீர்த்தத்த நான்தான் ஊத்தினேன். முழுசா."

அந்த வங்கியில் நான் பயப்படுவதற்கு எத்தனையோ நாள் முன்பே, எனக்காக இவள் இங்கே உட்கார்ந்து பயந்திருக்கிறாள். அதை நினைத்தபோது, சொல்ல வெட்கமாக இருந்தாலும், சந்தோஷமாகத்தான் இருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே, தீர்த்தம் நன்றாக வேலை செய்தது என்று சொல்லிவைத்தேன்.