அந்த ஆங்கிலக் கவிஞரை எனக்குப் பிடிக்காது

விக்டோரியா மகாராணி காலத்து அந்த ஆங்கில நாவலாசிரியரை எனக்குப் பிடிக்காது. அவருடைய கவிதைகளை அதைவிடப் பிடிக்காது.

என் கணவர் யாழ்ப்பாணத்தில் ஆங்கில இலக்கியம் படிப்பித்தவர். சுவிசுக்கு வந்து பாடன் என்ற ஊரில் குடியேறிய பிறகு உணவகமொன்றின் சமையலறையில் வேலை. வீடு திரும்பியதும் அந்த எழுத்தாளரின் புத்தகத்தோடு அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். தொழிற்சாலையில் எனக்கு என்ன வேலை என்றுகூட அவர் கேட்டதில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். அவ்வளவுதான்.

இவரை இப்படிப் பிடித்து வைத்திருக்கும் ஆள் யார் என்று அறிய, நூலகத்திலிருந்து கணவர் எடுத்துவந்த அந்த எழுத்தாளரின் வாழ்க்கை வரலாற்றை நானும் வாசித்தேன். நாவல்களில் பெண்களின் துயரத்தை உருகி உருகி எழுதியவர், தன் மனைவியோடு சரியாகப் பேசாமலே வருடக்கணக்காக ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். அவள் மேல்மாடியில் தனியே கிடந்து செத்தாள். அதன் பிறகு அவளை நினைத்துக் கவிதைகளாக எழுதிக் குவித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சூரிச்சில் தமிழ்க் கடை ஒன்றின் பின்னறையில் இலக்கியக் கூட்டம். என் கணவர் அந்தக் கவிதைகளைத் தமிழாக்கி வாசித்தார். குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நான் எழும்பினேன்.

"மனுசி உயிரோட இருக்கேக்க இந்த மனுசன் அவவோட கதைச்சவரோ?"

"உமக்குக் கவிதை விளங்காது. இரும்," என்றார் கணவர். சிலர் சிரித்தார்கள்.

கூட்டத்தை நடத்தியவர், "தங்கச்சி, அது அவையின்ர வீட்டு விசயம். நாங்கள் இலக்கியம் கதைப்பம்," என்றார்.

"வீட்டு விசயத்தைத்தானே அண்ணை அவர் கவிதையா வித்தவர்?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்து, தனியாக ரயிலேறினேன்.

எனக்குப் பின்னால் வீடு வந்து சேர்ந்த கணவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "சபையில என்னை அவமானப்படுத்திப் போட்டீர்."

"அதுக்காகவாவது என்னோட கதைக்கிறியள்," என்றேன்.

அறைக் கதவு படாரென்று சாத்தப்பட்டது. அந்தக் குளிர்காலம் முழுவதும் இருவரும் தனித்தனியாகச் சமைத்தோம். பனி கரைந்ததும் அவர் சூரிச்சில் அறை எடுத்துக்கொண்டு போனார். நான் மறிக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, சிறுபத்திரிகை ஒன்றில் அவர் சொந்தமாக எழுதிய கவிதை வந்தது. பிரிந்த மனைவிக்காம். என் கூந்தல், என் மௌனம், நான் போட்டுக் கொடுத்த தேநீர் எல்லாம் அதில் இருந்தன. தமிழ்க் கடைக்காரர், "நல்லா எழுதியிருக்கிறார், வாசிச்சுப் பாருங்கோ," என்று நீட்டினார். வாசித்தேன். சீனி கூடிப்போச்சு என்று ஒருநாள் அந்தத் தேநீரை அவர் தள்ளிவிட்டது அதில் இல்லை. நகரசபை வண்டி பழைய பேப்பர் எடுக்க வரும் நாளில், அந்தப் பத்திரிகையை மற்றவற்றோடு சேர்த்து நூலால் கட்டி வாசலில் வைத்தேன்.