தொண்ணூற்றொன்பதாவது ஊர்

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் இருபத்தைந்து வருஷமாகக் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். பிரிவு என்றால் நானும் ஒரு பிரிண்டரும். தினமும் அரியலூரிலிருந்து பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து ஏகப்பட்ட புத்தகம் படித்திருக்கிறேன். அதில் கால்வாசி நேரத்தையாவது நான் எழுதிய புரோகிராமைத் திரும்பப் படிக்கக் கொடுத்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அந்தப் புரோகிராமுக்கு ஒரே வேலை. யார் எந்தத் தேதியில் கரும்பு நட்டார் என்ற பதிவைப் பார்த்து, அந்த வரிசையில் வெட்டு உத்தரவு அச்சடிக்க வேண்டும். உத்தரவு இல்லாத வண்டி கேட்டுக்குள் வர முடியாது. உத்தரவு தாமதமானால் கரும்பு பூ எடுத்து, உள்ளே சக்கையாகிக் காய்ந்துவிடும். அரவை தொடங்கப் போகிறது என்று விரட்டியதில் பதினைந்தே நாளில் எழுதிக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். பதிவு செய்தவர் சீசன் நடுவில் இறந்துபோனால் வீட்டுக்காரம்மா பேருக்கு மாற்ற வழி வைக்கவில்லை. எனக்கு அப்போது இருபத்தாறு வயசு. மனிதர்கள் சாவார்கள் என்பதைப் புத்தகங்களில் மட்டும் படித்திருந்தேன்.

மார்கழியிலேயே ஒருவர் இறந்தார். பேரை மாற்றினோம். கூடவே நடவுத் தேதியும் அன்றைய தேதியாக மாறி, அவர் கரும்பு வரிசையின் கடைசிக்குப் போய்விட்டது. கரும்பு கிளார்க்தான் வழி கண்டுபிடித்தார். வாலிகண்டபுரத்துக்காரர், என் வயசுக்குப் பத்து கூட. ஆலையின் கீழ் தொண்ணூற்றெட்டு ஊர். அவர் தொண்ணூற்றொன்பதாவதாக இல்லாத ஊர் ஒன்றை உண்டாக்கி, இறந்தவர்களின் பதிவைப் பழைய நடவுத் தேதி மாறாமல் அங்கே குடிவைத்தார். திங்கள்கிழமைதோறும் அந்த ஊர்ப் பட்டியலை மட்டும் தனியாக எடுத்து, யார் முறை வந்திருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்து, வீட்டுக்காரம்மா பேரில் உத்தரவைக் கையால் எழுதுவார்.

"இந்த சீசன் இப்படி ஓடட்டும் சார். அப்புறமா நீங்க சரி பண்ணிக்குங்க."

"அடுத்த மாசமே பண்ணிடறேன்" என்றேன்.

அந்த அடுத்த மாசம் இருபது வருஷத்துக்கு மேல் வரவில்லை. நடுவில் ஒரு தடவை மேலாளரிடம் போய், பழசைப் பிரித்துச் சரிபண்ண இரண்டு மாசம் வேண்டும் என்று கேட்டேன். "ஓடுதுல்ல? அப்புறம் என்ன?" என்றார். எனக்கும் உள்ளுக்குள் நிம்மதிதான். கேட்டுவிட்டோம், இனி பழி அவர் மேல். கிளார்க்கோ சிரித்தபடியே இருந்தார். "கவலைப்படாதீங்க சார், தொண்ணூத்தொம்பதுல உங்களுக்கும் நல்ல மனையாப் பார்த்து வெக்கிறேன்."

அவர் ஓய்வுபெற்ற வருஷமே புது மென்பொருள் வந்தது. சென்னையிலிருந்து வந்த கம்பெனிக்காரர்கள் நீளமாக ஒரு படிவம் கொடுத்தார்கள். 'மென்பொருளுக்கு வெளியே கையால் செய்யும் வேலை ஏதும் உண்டா?' என்று அதில் ஒரு கேள்வி. ரொம்ப நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். இல்லாத ஊரைப் பற்றி எழுதினால், இத்தனை வருஷமாக என்ன பண்ணினாய் என்று கேட்பார்கள். வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று 'இல்லை' என எழுதினேன். வாயாலும் சொல்லவில்லை. பழசையும் புதுசையும் ஒரு சீசன் சேர்த்து ஓட்டலாமா என்றார்கள். செலவு என்றார் மேலாளர். நான் தலையாட்டினேன். கடைசிக் கூட்டத்தில், வரைபடத்தில் இல்லாத ஊர் ஒன்றைக் கண்டுபிடித்துப் பதிவுகளோடு நீக்கிவிட்டதாகப் பெருமையாகத் திரையில் காட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்.

தை பாதியில், குரும்பலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ஆடியில் வீட்டுக்காரர் தவறிவிட்டார். இரண்டு ஏக்கர் கரும்பு.

"பக்கத்துக் காட்டுல வெட்டி முடிச்சிட்டாங்க சார். எங்களுக்கு இன்னும் ஆர்டர் வரலீங்களே?"

பதிவு எண்ணைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நெட்வொர்க் கோளாறு என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, "இருக்கும்மா, வரும்" என்று அனுப்பினேன்.

மாசி பிறந்ததும் கையில் ஒரு கரும்போடு வந்து என் மேஜைமேல் வைத்தார். நுனியில் பூ.

"நீங்களே பாருங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

அப்போதுதான் கிளார்க்குக்கு போன் போட்டேன். "ஆவணியில நான் கிளம்புறதுக்கு முந்தின வாரம்தான் சார் அந்தம்மா பதிவை அங்க மாத்தி வெச்சேன்" என்றார். "கம்பெனிக்காரங்ககிட்ட நீங்க சொல்லலையா?" என்றார். சென்னைக்குப் பேசணும் என்று போனை வைத்தேன்.

புது மென்பொருளில் வாரிசுக்கு மாற்ற அழகான பொத்தான் இருந்தது. மாற்றுவதற்குப் பதிவுதான் இல்லை. புதிதாகப் பதிந்தால் இன்றைய தேதிதான் விழும். பழைய தேதி போட சென்னை அனுமதிக்க வேண்டும். கையால் எழுதிய சீட்டை கேட்டில் இருந்த இயந்திரம் ஏற்கவில்லை. சென்னையிலிருந்து பதில் வந்து உத்தரவு அச்சானபோது வெட்டு ஆட்கள் ஊருக்குக் கிளம்பியிருந்தார்கள். நாலாம் நாள் ஆலை அரவையை நிறுத்தியது.

ஆலை நின்ற மாசங்களில் கிளார்க்கை வரவழைத்து உட்காரவைத்தோம். கையால் ஒப்பேற்றிவந்த ஒவ்வொரு தந்திரத்தையும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். யார் செய்கிறார், ஏன், அவர் வராவிட்டால் யார் வீட்டில் என்ன ஆகும் என்று. இனி வருஷா வருஷம் அரவை இல்லாத காலத்தில் ஒரு மாசம் பழுது பார்க்க மட்டும், புதுசாக எதுவும் கேட்கக்கூடாது என்று மேலாளரிடம் எழுதி வாங்கினேன். கேட்டதும் கொடுத்துவிட்டார். இரண்டு ஏக்கர் எரிந்த பிறகு கேட்டால் கொடுக்கிறார்கள்.

ஆமாம், வெட்ட ஆளில்லாமல் காய்ந்த கரும்பை எரித்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். நடந்ததை அப்படியே சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வாக்கியம் வாக்கியமாகத் தயார் பண்ணியிருந்தேன். காடு கருகிக் கிடந்தது. ஒரு ஓரத்தில் உழவு தொடங்கியிருந்தது. மக்காச்சோளம் போடப் போவதாகச் சொன்னார்.

"அவரு தண்ணி பாய்ச்சுன கரும்புங்க அது. வண்டியில ஏறுறதைப் பார்த்துட்டா போதும்னு இருந்தேன்" என்றார். என் முகம் எப்படிப் போயிற்றோ, சட்டென்று குரல் மாறியது. "நீங்க என்ன சார் பண்ணுவீங்க, நீங்க ஒருத்தர்தான் அலைஞ்சீங்க. எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் பண்ணினது."

ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து நீட்டினார்.

"ஆமாம்மா" என்று வாங்கிக்கொண்டேன்.